வெள்ளித்தாள் சுற்றிய குழாய்

தீபாவளி லீவு முடிந்து கெம்பஸுக்குக் கிளம்புகிற காலை. எங்களில் ஒருத்தியின் அம்மா நாலு மணிக்கே எழும்பி ரொட்டி சுட்டு, கட்டச்சம்பலோடு வெள்ளித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். தலவாக்கலைக்கு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வழியனுப்ப ஆயாம்மாவும் வந்திருந்தார். எங்கள் மூன்று பேரையும் பிள்ளை மடுவத்தில் வைத்து வளர்த்தவர். அடுப்பங்கரை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"இப்பிடித்தான் ஒங்க ரெத்தத்தையும் வெள்ளித்தாள்ல சுத்திக் கொண்டு போனாங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாருமே அப்போது நினைக்கவில்லை. மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

எங்களைப் பற்றி ஒரு வரி. நாங்கள் மூவரும் ஒரே லயம், ஒரே மடுவம், ஒரே தோட்டப் பள்ளிக்கூடம். ஏ.எல்லுக்கு மட்டும் ஆளுக்கொரு பக்கம் போய், மறுபடியும் பேராதனைக் கலைப்பீடத்தில் ஒன்றாய் விழுந்தோம். அதனால் இந்தக் கட்டுரையில் 'நான்' இல்லை. யாருடைய கையில் முதலில் ஊசி ஏறியது என்பதுகூட எங்களுக்கு ஞாபகமில்லை.

ஆயாம்மாவுக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது. எங்களுக்கு அப்போது மூன்றரை, நாலு வயது. ஒரு வேன் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட மூன்று பேர். அவர்கள் சிங்களத்தில் பேச, கூட வந்த ஒரு தம்பி மட்டும் தமிழில், "புள்ளைகளுக்குச் சத்து இருக்கா இல்லையான்னு பாக்கப் போறோம்" என்றாராம். ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். குழாயில் இரத்தம் ஏறியதும் உடனே வெள்ளித்தாளைச் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். அழுத பிள்ளைக்கும் அழாத பிள்ளைக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் பக்கெட். வேன் போய்விட்டது. அவ்வளவுதான். திரும்பி வரவே இல்லை.

அன்று சாயங்காலம் லயத்தில் பெரிய சண்டை. புள்ளைகளின் இரத்தத்தைக் கொழும்பில் விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு. வெள்ளித்தாள் சுற்றினால் கெடாதாம், வெளிநாட்டுக்கே அனுப்பலாமாம் என்று இன்னொரு பேச்சு. "நல்லதுக்குன்னா ஏன் மறைச்சுக் கொண்டு போவணும்?" என்று எங்களில் ஒருத்தியின் அப்பா ஆயாம்மாவிடம் சத்தம் போட்டிருக்கிறார். ஆயாம்மாவிடம் பதில் இல்லை. இருபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் இல்லை. ஆனால் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. மடுவத்தில் பால்மா, பிள்ளை நிறை எல்லாம் எழுதிவைத்த பழைய கொப்பி. அதில் ஒரு பக்கத்தில் பதினாலு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண். எங்களுடையது 7, 8, 11. அதற்குப் பக்கத்தில் கோடு போட்டு இன்னொரு கட்டம் விட்டிருக்கிறார், முடிவு வந்ததும் எழுத. கட்டம் காலி.

கண்டி பஸ்ஸில் ரொட்டியைப் பிரித்தபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏன் வெள்ளித்தாள்?

நாங்கள் ஓ.எல்லோடு இரசாயனத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். ஆகவே எங்கள் ஹோஸ்டலில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரைப் பிடித்தோம். அவர் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிறார். கெண்டீனில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து ஆயாம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தோம். அவர் சிரிக்கவில்லை. "ஓம், அது வெளிச்சம் படாமல் இருக்கத்தான். விற்றமின் ஏ பார்த்திருப்பினம். கரோட்டினும் பார்த்திருக்கலாம்" என்றார். பிறகு ஒரு பழைய போட்டோகொப்பிக்குப் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கத் தொடங்கினார். பிளேன்டீ ஆறிப்போய், இன்னொன்று வாங்கி, அதுவும் ஆறியது.

விற்றமின்களில் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. கரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டின், தக்காளிச் சிவப்பான லைக்கோபீன், கீரையிலிருக்கும் லூட்டீன் எல்லாம் கரோட்டினொயிட் என்ற ஒரே குடும்பம். அவையும் கொழுப்பில்தான் கரையும். இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அப்படியென்றால் எப்படிப் பயணம் செய்கின்றன? விற்றமின் ஏ, ரெட்டினோல் என்ற உருவில், தனக்கென்றே உள்ள ஒரு புரதத்தில் ஏறிப் போகிறது. கரோட்டினுக்குத் தனி வண்டி கிடையாது. கொலஸ்ட்ரோலைச் சுமந்து போகும் கொழுப்புத் துணிக்கைகளில் தொற்றிக்கொண்டு போகிறது. எங்களுக்கு உடனே கந்தப்பளையிலிருந்து தம்புள்ளை போகும் மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு போகும் பொடியன்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

ஆய்வுகூடத்தில் குழாயைச் சுழற்றியில் போட்டுச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அந்த மஞ்சளில் கொஞ்சம் கரோட்டினொயிட்டின் மஞ்சள். அதில் 200 மைக்ரோலீற்றர், அதாவது நாலு துளி போதும். அந்த நாலு துளியில் எதனோல் விட்டால் புரதமெல்லாம் பால் திரைகிற மாதிரித் திரைந்துபோகும், பிடித்துவைத்திருந்த ரெட்டினோலைக் கைவிட்டுவிடும். பிறகு ஹெக்சேன் விட்டுக் குலுக்கினால் கொழுப்பில் கரைகிறதெல்லாம் ஹெக்சேனுக்குள் ஏறி மேலே மிதக்கும். மேல் பகுதியை மட்டும் எடுத்து, நைதரசன் ஊதிக் காயவைப்பார்கள். சாதாரணக் காற்று ஊதினால் அதிலுள்ள ஒட்சிசன் விற்றமினைக் கெடுத்துவிடும். இந்த வேலை முழுவதும் மங்கிய மஞ்சள் விளக்கில்தான் நடக்கும். கடைசியில் சில துளி மெதனோலில் கரைத்து, எச்.பி.எல்.சி என்ற இயந்திரத்துக்குள் செலுத்துவார்கள்.

அந்த இயந்திரத்தின் உயிர் ஒரு சின்ன எஃகுக் குழாய். ஒரு சாண் நீளம் வரும். உள்ளே மாவைவிட மெல்லிய துணிக்கைகள், அவற்றின் மேல் எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பூச்சு. திரவத்தைப் பெரும் அழுத்தத்தில் அதற்குள் தள்ளும்போது, பூச்சோடு அதிகம் ஒட்டாதது முதலில் வெளியே வரும். ரெட்டினோல் முன்னால் வந்துவிடும், விற்றமின் ஈ நடுவில், பீட்டா கரோட்டின் கடைசியில் ஆடி அசைந்து வரும். வாசலில் ஒளி நிற்கும். ரெட்டினோலை 325 நனோமீற்றர் ஒளியில் பார்க்கிறார்கள், விற்றமின் ஈயை 292இல், கரோட்டினை 450இல். வெளியே வருகிற ஒவ்வொன்றும் திரையில் ஒரு மலை. மலையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு விற்றமின்.

"அப்ப வழியில சிந்திப்போனா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் வளர்ந்தவளுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும். அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. சிந்தும், அதனால்தான் ஆரம்பத்திலேயே ரெட்டினைல் அசற்றேற் போன்ற ஒன்றை அளந்து போடுகிறார்கள் என்றார். போட்டதில் எவ்வளவு கடைசியில் மிஞ்சியது என்று பார்த்தால், வழியில் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். தராசையே சோதிக்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிறுவனம், எவ்வளவு விற்றமின் இருக்கிறதென்று முன்கூட்டியே உறுதிசெய்த மனித இரத்தச் சீரத்தை எஸ்.ஆர்.எம் 968 என்ற இலக்கத்தில் ஆய்வுகூடங்களுக்கு விற்கிறது. உங்கள் இயந்திரம் அதே எண்ணைக் காட்டினால் சரி, காட்டாவிட்டால் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். தராசைச் சோதிக்க ஒரு படிக்கல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு ரொம்பப் புதிதாக இருந்தது.

அன்று இரவு ஹோஸ்டலில் ஒரு வேலை செய்தோம். ஒரு கரட்டைத் துருவி இரண்டு கிளாஸில் போட்டோம். ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் லேசாகச் சூடாக்கிய தேங்காயெண்ணெய். தண்ணீரில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் கொஞ்ச நேரத்தில் தீபாவளிக் கேசரி நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த எண்ணெயை வடித்து இரண்டு சின்னப் போத்தலில் ஊற்றினோம். ஒன்றை அப்படியே ஜன்னலில் வைத்தோம். மற்றதைப் பால்மா பக்கெட்டின் வெள்ளி உள்பக்கத்தால் இறுக்கச் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தோம். நாட்கள் போகப் போக ஜன்னல் போத்தல் வெளிறிக்கொண்டே வந்தது. பால்மாப் பக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் அது அப்படியே, போட்ட அன்று இருந்த செம்மஞ்சள். ஆயாம்மாவுக்குச் சொல்ல எங்களிடம் முதன்முதலாக ஒரு பதில் இருந்தது.

அக்கா போகிறபோக்கில் சொன்ன ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடினோம். இந்தப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் மிகைல் த்ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1900களின் தொடக்கத்தில், சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பச்சிலைச் சாற்றை ஊற்றினார். பச்சை ஒரு பட்டியாகவும் மஞ்சள் வேறு பட்டிகளாகவும் பிரிந்து இறங்கின. அந்த மஞ்சள்தான் கரோட்டினொயிட். எந்தப் பச்சிலையிலும் அது இருக்கிறது. பச்சை மேலே நிற்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எந்தப் பச்சிலையிலும் என்றால் கொழுந்திலும்தானே. ஆம், தேயிலைக் கொழுந்திலும் பீட்டா கரோட்டின் இருக்கிறது. ஃபெக்டரியில் கொழுந்து வாடி, அரைபட்டு, நிறம் மாறும்போது அந்தக் கரோட்டின் உடைந்துதான் தேயிலை வாசனையில் ஒரு பங்கு உண்டாகிறது. உடையாமல் மிஞ்சுவதும் தண்ணீரில் கரையாது. எனவே தேத்தண்ணியில் இறங்காமல் சக்கையிலேயே தங்கிவிடும். எங்கள் அம்மாக்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூடை கூடையாக விற்றமின் ஏயின் மூலப்பொருளைத்தான் பறித்துப் போடுகிறார்கள். அதிலிருந்து ஒரு மைக்ரோகிராம்கூட அவர்கள் குடிக்கிற சாயத்தண்ணியில் வருவதில்லை. இதை வைத்து ஒரு கவிதை எழுதலாமென்று எங்களில் ஒருத்தி சொன்னாள். வேண்டாமென்று மற்ற இருவரும் தடுத்துவிட்டோம்.

சரி, எங்கள் குழாய்கள் என்ன சொல்லியிருக்கும்?

ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 20 மைக்ரோகிராம் ரெட்டினோலுக்குக் கீழே போனால் விற்றமின் ஏ குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு. 10க்குக் கீழே என்றால் கடுமை. கேட்க எளிது. ஆனால் இரத்தம் அவ்வளவு எளிதாக உண்மை பேசுவதில்லை என்று அக்கா எச்சரித்தார். உடலின் விற்றமின் ஏயில் பெரும்பகுதி ஈரலில் இருக்கிறது. சாப்பாட்டில் வராவிட்டால் ஈரல் தன் கையிருப்பை எடுத்து இரத்தத்தின் அளவைக் குறையாமல் பார்த்துக்கொள்ளும். ஈரல் கிட்டத்தட்ட காலியான பிறகுதான் இரத்தத்தில் எண் விழும். வீட்டில் அரிசி இல்லை என்று அடுத்த காம்பராவுக்குக் கடைசி நாள்வரை தெரியவிடாத அம்மா மாதிரி. அதற்கு மாறாக, காய்ச்சல், நெஞ்சுச்சளி என்று தொற்று வந்தால், ஈரலில் இருப்பு இருந்தாலும் எண் தற்காலிகமாக விழும். அதனால்தான் சி.ஆர்.பி போன்ற அழற்சிப் புரதங்களையும் கூடவே அளக்கிறார்கள். மடுவத்துப் பிள்ளைகளில் மூக்கு ஒழுகாத பிள்ளையை யார் கண்டது?

கரோட்டினொயிட்டின் கதை வேறு. அதை உடம்பு அப்படிக் கட்டுப்படுத்தி வைப்பதில்லை. கடந்த சில வாரங்களில் என்ன கீரை, என்ன பழம் சாப்பிட்டோம் என்பதை அது ஏறக்குறைய அப்படியே காட்டிக்கொடுக்கும். ரெட்டினோல் மானத்தை மறைக்கும், கரோட்டின் போட்டு உடைத்துவிடும். எங்கள் கரோட்டின் மலைகள் தட்டையாகத்தான் இருந்திருக்கும். இதைச் சொல்ல இயந்திரம் தேவையில்லை, நாங்கள் என்ன சாப்பிட்டு வளர்ந்தோம் என்பது எங்களுக்கே தெரியும். காலையில் கோதுமை மா ரொட்டி, மத்தியானம் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, இரவு மறுபடி ரொட்டி.

இதில்தான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம் இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் கரட்டுக்குப் பேர்போனது. கரோட்டினுக்குப் பெயரே கரட்டிலிருந்து வந்தது. 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் கரட்டிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார். கந்தப்பளை, இராகலைப் பக்கம் போனால் கழுவிய கரட் குவியல்கள் றோட்டோரத்தில் தீப்பிடித்த மாதிரி நிற்கும். லயத்துக்குப் பின்னால் துண்டு நிலம் உள்ளவர்கள் எங்கள் தோட்டத்திலும் கரட் போடுகிறார்கள். ஆனால் அது காசு. நல்லது லொறிக்குப் போகும், முறிந்ததும் முளைத்ததும் சட்டிக்கு வரும். அதையும் சாப்பிட்டால் மட்டும் போதாது. ஒரு மைக்ரோகிராம் ரெட்டினோல் உண்டாக்கச் சாப்பாட்டிலிருந்து ஏறக்குறைய 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் வேண்டுமென்று இன்று கணக்கிடுகிறார்கள். அதுவும் கூடக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ இருந்தால்தான் குடல் அதை உள்ளே எடுக்கும். 1995இல் 'லான்செட்'டில் வெளியான ஓர் ஆய்வு, இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பால்கொடுக்கும் தாய்மாருக்குக் கரும்பச்சைக் கீரையைக் கூட்டிக் கொடுத்தும் விற்றமின் ஏ நிலை உயரவில்லை என்று காட்டியது. 'கீரை சாப்பிடச் சொல்லுங்கள், தோட்டத்து மக்களுக்கு அறிவில்லை' என்கிற பேச்சை நாங்கள் எத்தனை கருத்தரங்கில் கேட்டிருக்கிறோம்! கீரையை வதக்க எண்ணெய் யார் தருவது என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

ஈரல், முட்டை, பால் ஆகியவற்றில் ரெட்டினோல் தயாராகவே இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை. எங்கள் அம்மாயி ஒருவர் மாலைக்கண் வந்த பிள்ளைக்கு ஆட்டீரல் சுட்டுக் கொடுப்பாராம். எந்த இயந்திரமும் இல்லாமல் அது சரியான வைத்தியம். ஆட்டீரல் வாங்கச் சம்பள நாள் வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும் என்பதுதான் அதில் குறை.

இலங்கைக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 1933இலேயே கொழும்பு பக்றீரியா ஆய்வு நிலையத்தில் இருந்த லூசியஸ் நிக்கல்ஸ் என்ற வைத்தியர், முழங்கையிலும் தொடையிலும் முள்முள்ளாய்த் தோல் சொரசொரத்துப் போகும் நிலைக்குப் 'பிரினோடெர்மா', தேரைத்தோல், என்று பெயர் வைத்தார். விற்றமின் ஏ இல்லாததுதான் காரணமென்றார். கொழுப்பு அமிலக் குறைவும் பிற விற்றமின்களும்கூடக் காரணமாகலாம் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1995-96இல் நாடு முழுவதும் சின்னப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பார்த்தபோது மூன்றில் ஒன்றுக்கு மேல் அந்த 20 என்ற கோட்டுக்குக் கீழே. 2006இல் மறுபடி பார்த்தபோதும் நூற்றுக்கு 29 பேர். நூற்றுக்கு 20 பேரைத் தாண்டினாலே கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோட்டப் பிள்ளைகளின் கதை இரத்தம் எடுக்காமலே தெரியும், உயரத்தை அளந்தால் போதும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. எங்கள் மூவரில் இருவர் கெம்பஸ் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க எக்க வேண்டியிருக்கிறது. அது பரம்பரை என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம்.

ஒரு விஷயத்தை நூலகத்தில் படித்துவிட்டு வெளியே வந்து கொஞ்சநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். 1990இல் வெளியான ஓர் ஆய்வு. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் செய்தது. பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய 15,419 பிள்ளைகள். ஒரு பாதிக்கு வாராவாரம் சின்ன அளவு விற்றமின் ஏ, மற்றப் பாதிக்கு இல்லை. ஒரு வருட முடிவில் விற்றமின் ஏ பெற்ற பிள்ளைகளில் மரணம் 54 சதவீதம் குறைவு. ஊசியில்லை, பெரிய ஆஸ்பத்திரியில்லை, சில துளிகள். திருச்சி என்பது எங்களுக்கு வெறும் பெயர் இல்லை. எங்கள் மூவரில் ஒருத்தியின் கொள்ளுப்பாட்டி புறப்பட்டு வந்த ஊர் துறையூர்ப் பக்கம். கப்பலேறாமல் இருந்திருந்தால் அவள் சித்தி, மாமா யாராவது அந்த 15,419இல் ஒருவராக இருந்திருக்கலாம். எந்தப் பாதியில் என்பதுதான் கேள்வி. அந்த ஆய்வில் எங்களை ரொம்பத் தொட்டது வேறொன்று. துளிகளைக் கொடுத்தவர்கள் ஊர்ச் சுகாதாரத் தொண்டர்கள். ஒவ்வொரு வாரமும் வீடு வீடாகப் போனார்கள். எந்த வாரத்திலும் 88 சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்கள். வாராவாரம் திரும்பி வந்தார்கள்.

எங்கள் வேன் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இதை வைத்து எங்கள் மூவருக்குள்ளும் அக்காவோடும் பெரிய வாக்குவாதம்.

அக்கா சொன்னார்: "ஒரு பிள்ளையின்ர ஒரு எண்ணை வைச்சு அந்தப் பிள்ளைக்குக் குறைபாடு எண்டு சொல்லேலாது. காய்ச்சலாலயும் விழுந்திருக்கலாம். நூறு, ஆயிரம் பிள்ளையளைச் சேர்த்துப் பார்த்தாத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அது உங்களுக்கெண்டு எடுத்ததில்லை, திட்டம் போடுறதுக்கு எடுத்தது." உண்மைதான். எங்களில் ஒருத்தி அக்கா பக்கம் சாய்ந்துவிட்டாள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆறு மாதத்துக்கொருமுறை விற்றமின் ஏ குளிசையை வெட்டி வாயில் பிழிந்தார்களே, அந்தத் திட்டமெல்லாம் இப்படி யாரோ பிள்ளைகளின் இரத்தத்தைப் பார்த்ததால் வந்ததுதானே என்றாள். அதற்கும் பதில் சொல்ல முடியவில்லை.

மற்ற இருவருக்கும் ஆறவில்லை. தோட்டத்தில் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். கொழுந்து மடுவத்தில் சாக்கு தராசில் ஏறுகிறது, கணக்கப்பிள்ளை சாக்கு நிறையையும் ஈரத்தையும் கழித்து இத்தனை கிலோ என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறார். அம்மா அதே இடத்தில் நின்று, "என்னாங்க ஐயா, நேத்து இதே சாக்குக்கு ரெண்டு கிலோ கூட வந்துச்சே" என்று கேட்கலாம். கழிவு அநியாயமாகவே இருக்கட்டும், எண் அவள் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பதும் அங்கேயே தெரிகிறது. கொழுந்து மடுவத்தில் அந்த அளவுக்காவது இருக்கிற மரியாதை, நூறு யார் தள்ளியிருக்கும் பிள்ளை மடுவத்தில் ஏன் இல்லை? 7, 8, 11 என்று தனித்தனியாகச் சொல்ல முடியாதென்றால் வேண்டாம். உங்கள் மடுவத்துப் பிள்ளைகள் பதினாலு பேரிடம் எடுத்தோம், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் இப்படித் தெரிகிறது, வெள்ளித்தாள் வெளிச்சத்துக்காகச் சுற்றியது, விற்பதற்கில்லை. தமிழில் பத்து நிமிடம். ஆயாம்மா இருபது வருடம் அந்தச் சண்டையைச் சுமந்திருக்க வேண்டியதில்லை.

அக்கா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, தன் கடைசி வருட ஆய்வுக்கு இரத்தம் எடுக்கப் போகிறேன், தகவல் பத்திரத்தைத் தமிழில் எழுதித் தருவீர்களா என்று கேட்டார். கலைப்பீடத்தால் ஒரு பிரயோசனம். மூன்று நாள் உட்கார்ந்தோம். 'பங்கேற்பாளர்' என்று எழுதி வெட்டினோம், 'நீங்க' என்று எழுதினோம். 'மாதிரி சேகரிப்பு' என்பதை வெட்டிவிட்டு 'கையில ஊசி போட்டு ஒரு தேக்கரண்டியளவு இரத்தம் எடுப்போம்' என்று வைத்தோம். 'வெளிச்சம் பட்டா விற்றமின் கெட்டுப்போகும், அதனால வெள்ளித்தாள் சுத்துவோம்' என்ற வரியை முதல் பக்கத்திலேயே போட்டோம். முடிவை எப்போது, யார், எங்கே வந்து சொல்வார்கள் என்ற வரியை மட்டும் காலியாக விட்டு, அதை நீங்களே நிரப்புங்கள் என்று அக்காவிடம் கொடுத்தோம். அவர் திகதி போட்டார்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இரண்டு போத்தலையும் எடுத்துப் போனோம். ஆயாம்மா வீட்டு வாசலில், நல்ல வெயிலில், பால்மாப் பக்கெட்டைப் பிரித்துக் காட்டினோம். ஒன்று செம்மஞ்சள், மற்றது வெளிறிய பழைய எண்ணெய். இதுதான் ஆயாம்மா, இதுக்குத்தான் சுத்துனாங்க, விக்கிறதுக்கு இல்ல. அவர் இரண்டையும் மாறி மாறி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்த அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"அப்ப ஒங்களுக்குச் சத்து இருந்துச்சா, இல்லையா?" என்றார் ஆயாம்மா.

தெரியாது என்றோம். உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்து அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு செம்மஞ்சள் போத்தலைத் திறந்து முகர்ந்தார்.

"முழுசாத் தேங்கெண்ணெயா இது? விக்கிற வெலையில இவ்வளவையும் ஊத்தி வீணாக்கியிருக்கீங்களே, ஒரு வாரத்துக்குத் தாளிச்சிருக்கலாம்."